பாப்பாவுக்கும் பறவைக்கும் ஒரே லென்ஸ் போதுமா? ஜூம் வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

போனஸ் கைக்கு வந்த வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். “அண்ணே, கேமராவோட வந்த 18-55 பத்தல. பாப்பாவையும் எடுக்கணும், ஏரிக்குப் போனா பறவையும் எடுக்கணும். மாத்தி மாத்தி மாட்ட நம்மால ஆகாது. ஒரே லென்ஸ், ஒரே பேரு சொல்லுங்க.”

பேரைச் சொல்லாமல் நான் இரண்டு கேள்வி கேட்டேன். கடைசியாக எடுக்க முடியாமல் விட்ட பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது? வீட்டுக்குள் எடுத்த பாப்பா படங்களில் எத்தனை ஆடிப்போயிருக்கின்றன? முதல் கேள்விக்கு “எதிர்வீட்டு முருங்கை மரம்” என்றான். இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “பாதிக்கு மேல” என்றான்.

இதே குழப்பத்தோடு பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் கையில் இருப்பது கேனான் அல்லது நிக்கான் டிஎஸ்எல்ஆர், ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் படம் விழும் சில்லு. அதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன். மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை கேமரா) வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், லென்ஸ் பெயர்கள்தான் மாறும்.

எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் பார்ப்பது தூரம். 300-ஆ, 400-ஆ, 600-ஆ என்று. இவை லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்கள், எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பறவையின் அளவை லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுத்தால், சென்சாரில் அது எவ்வளவு பெரிதாக விழும் என்று தெரிந்துவிடும். ஊதாத் தேன்சிட்டு 10 செ.மீ. நீளம். 10 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 55 மி.மீ.யில் அது அரை மி.மீ. பொட்டு. 250-இல் 2.5 மி.மீ., 300-இல் 3, 400-இல் 4, 600-இல் 6. சென்சாரின் உயரமோ ஏறக்குறைய 15 மி.மீ. தான்.

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. 55-லிருந்து 250-க்குப் போவது மலையளவு மாற்றம், 300-லிருந்து 400-க்குப் போவது அவ்வளவு இல்லை. 300 வைத்துக்கொண்டு 10 மீட்டரிலிருந்து ஏழரை மீட்டருக்கு நெருங்கினாலே 400-இல் கிடைக்கும் அளவு வந்துவிடும். மூன்று நான்கு எட்டு. தோட்டத்தில் அந்த எட்டு எடுத்து வைக்கலாம், ஏரிக்கரையில் வைத்தால் தண்ணீரில்தான் நிற்போம்.

அடுத்தது வெளிச்சம். குடும்பப் படங்கள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான், ஆனால் கடையில் யாரும் இதைப் பேசுவதில்லை. பிறந்தநாளுக்கு விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கிட் லென்ஸை, அதாவது கேமராவோடு வந்த 18-55-ஐ, 55-க்கு இழுத்தால் துளை எஃப்/5.6 (எஃப் எண் பெரிதானால் லென்ஸின் துளை சிறிது, வெளிச்சம் குறைவு). ஷட்டர், அதாவது படம் பதியும் நேரம், 1/15 நொடிக்கு இறங்கிவிடும். லென்ஸுக்குள் இருக்கும் ஆட்டத்தடுப்பு, அதாவது விஆர் அல்லது ஐஎஸ், உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும், குழந்தை தலையாட்டுவதை நிறுத்தாது. விளைவு: கேக் துல்லியமாக இருக்கும், குழந்தை கலங்கலாக இருக்கும். என் வீட்டு ஆல்பத்தில் இப்படி ஒரு முழு வருடமே இருக்கிறது. அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், ஷட்டர் 1/125-க்கு மேல் ஏறிவிடும். எந்தப் பெரிய ஜூமும் இந்த வேலையைச் செய்யாது.

வெளியில் நல்ல வெயில் என்றால் கவலையில்லை. எஃப்/6.3, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன், ஏற்றினால் படம் மணல் மணலாகும்) 400 வைத்தாலே 1/2000 தாண்டிக் கிடைக்கும், பறக்கும் கொக்குக்கும் அது போதும். ஆனால் பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடிகாலையும் அந்தியும். மர நிழலுக்குள் போனால் அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, எடை. வீட்டை விட்டு வெளியே போகும்போது அந்த லென்ஸ் உங்களோடு வருமா, பீரோவிலேயே இருந்துவிடுமா என்பது இதில்தான் இருக்கிறது. நான்காவது, லென்ஸ் மாற்ற ஆகும் நேரம். ஐந்தாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவுகள். அவற்றைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரே சூப்பர்ஜூம்: 18-300, 18-400

நிக்கானின் 18-300 எஃப்/3.5-6.3 (550 கிராம்), டாம்ரானின் 16-300 (540 கிராம்), 2017-இல் வந்த டாம்ரான் 18-400 (710 கிராம்) ஆகியவை இந்த வகை. சோனி, ஃபியூஜி மிர்ரர்லெஸ்காரர்களுக்கு டாம்ரான் 18-300 இருக்கிறது, 620 கிராம்.

இதன் அருமை எங்கே தெரியும் என்றால் காதுகுத்தில். பெரியம்மா பேரனுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. எனக்குக் கிடைத்தது கூட்டத்தில் ஒரு மூலை, நகர வழியில்லை. 18-இல் மொத்தக் குடும்பமும், தாய்மாமன் மடியில் பையனும், தட்டில் தோடும் வந்தன. ஆசாரி ஊசியை எடுத்ததும் வளையத்தைத் திருப்பி 135-க்குப் போனேன், பையனின் முகம் மட்டும். குத்தியதற்கும் அவன் வாய் திறந்து அழுததற்கும் நடுவில் ஒரு நொடி இருக்குமே, அது கிடைத்தது. லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் கிடைத்திருக்காது. மண்டப வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 6400 வைக்க வேண்டியிருந்தது, படத்தில் மணல் தூவினது போல இருக்கிறது. பெரியம்மா அதைத்தான் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

குறை? 100 மி.மீ. அருகிலேயே துளை எஃப்/5.6-க்கு இறங்கிவிடும், கடைசி முனையில் 6.3. அங்கே கூர்மையும் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இறகின் நுண்கோடுகள் பஞ்சாகத் தெரியும். இன்னொன்றை வாங்கிய பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்: கிட்டத்தில் இருக்கும் பறவையை எடுக்கும்போது வளையத்தில் 300 என்று இருந்தாலும் 300-க்கான நெருக்கம் படத்தில் வராது. இந்த வகை லென்ஸ்கள் கிட்டக் குவியும்போது அவற்றின் உண்மையான மி.மீ. எண் சுருங்கிவிடுகிறது. தேன்சிட்டு பிடிக்கவே வாங்கியவருக்கு இது எரிச்சல்.

லென்ஸ் மாற்றுவதே பிடிக்காதவர், வருடத்தில் பாதிப் படம் விசேஷங்களிலும் பயணங்களிலும் எடுப்பவர், பறவை என்பது வழியில் வந்தால் எடுத்துக்கொள்ளும் சந்தோஷம் என்று இருப்பவர், இவர்கள் யோசிக்காமல் இதை வாங்கலாம். 18-300, 18-400 இரண்டில் நான் எடை குறைந்ததையே எடுப்பேன்.

கிட் லென்ஸோடு ஒரு சின்ன டெலி: 55-250, 70-300

டெலி என்றால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸ். கேனானில் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம், 375 கிராம். நிக்கானில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர், சுமார் 415 கிராம். பார்க்க பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். பிடித்து எடுத்துப் பார்த்தால் அசந்துபோவீர்கள். குவியும் வேகமும் கூர்மையும் விலைக்கு மீறியவை. சூப்பர்ஜூமின் நீள முனையை விட இவை எனக்குத் தெளிவாகவே தருகின்றன.

ஒரு கூட்டல் கணக்கு போடுங்கள். 205 கிராம் கிட் லென்ஸும் 415 கிராம் டெலியும் சேர்ந்தால் 620. 18-400 ஒன்றே 710. “ரெண்டு லென்ஸ் தூக்கணுமா” என்று தயங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், தராசில் வைத்துக் காட்ட வேண்டும்.

மாற்றும் தொல்லை உண்மைதான். வேடந்தாங்கல் கரையில் மகளை எடுப்பதற்காக 18-55-க்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் லென்ஸ், பின்மூடி வாயில். அப்போதுதான் பத்தடி தள்ளி இருந்த கொம்பில் வெண்தொண்டை மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, தலையை இரண்டு தடவை ஆட்டி, தண்ணீரில் பாய்ந்து, மீனோடு திரும்பியது. மகள் நன்றாகப் பார்த்தாள். “அப்பா, எடுத்தியா?” என்று கேட்டாள். வாயில் மூடி இருந்ததால் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பறவை பார்க்கப் போனால் டெலியைக் கழற்றுவதே இல்லை. குழந்தையையும் அதிலேயே எடுப்பது, நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று. 70-இலும் 100-இலும் முகங்கள் அழகாகவே வருகின்றன, பின்னால் இருப்பது மங்கிவிடும். எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்துக்கு செல்போன் இருக்கிறதே. இந்தக் கடைசி வாக்கியத்துக்காகச் சிலர் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

எட்டும் தூரம் போதுமா என்பது ஊரைப் பொறுத்தது. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். சங்குவளை நாரை தலைக்கு மேல் நிற்கும்போது 250 தாராளம், சில சமயம் முழுப் பறவையும் சட்டத்துக்குள் அடங்காது. வேடந்தாங்கலில் அதே நாரை ஏரி நடுவே மரத்தின்மேல். ஒரு மீட்டர் உயரப் பறவை 60 மீட்டர் தள்ளி இருந்தால் 300-இல் 5 மி.மீ. தான், படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. வெட்டிப் பெரிதாக்கினால் நன்றாகத்தான் இருக்கும், சுவரளவு அச்சுப் போட முடியாது.

என் ஓட்டு இதற்குத்தான். ஏரிக்கு எப்போதாவது போகிற, குழந்தை உள்ள வீட்டுக்கு இதைத் தாண்டி வேண்டியதில்லை. மிச்சப் பணத்தில் ஒரு எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள். கேனானில் 50 எஃப்/1.8 எஸ்டிஎம், 160 கிராம். நிக்கானில் டிஎக்ஸ் 35 எஃப்/1.8, 200 கிராம். சின்ன ஹாலில் 50 கொஞ்சம் நெருக்கும், முதுகு சுவரில் இடிக்கும், 35 வசதி.

100-400: பறவை கொஞ்சம் தீவிரமானால்

சிக்மா 100-400 (1160 கிராம்), டாம்ரான் 100-400 (1.1 கிலோவுக்கு மேல்). கேனான் ஆர் வகை மிர்ரர்லெஸ் வைத்திருந்தால் 2021-இல் வந்த ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். அந்த கேமரா உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை, அதை வாங்கிவிட்டுப் போகலாம். எஃப்/8 வரை இறங்குவதால் மூடாப்பு நாளில் மட்டும் முனகுவீர்கள்.

டிஎஸ்எல்ஆரில் ஒரு கிலோ என்பது ஒரு எல்லைக்கோடு. கையில் பிடித்தே எடுக்கலாம், மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வேண்டாம், ஆனால் கோயிலுக்கும் கடற்கரைக்கும் சும்மா எடுத்துப் போகத் தோன்றாது. குடும்பத்துக்கு இது அநேகமாக உதவாது. 100-இல் தொடங்குவதால் உங்களை நோக்கி ஓடி வருகிற குழந்தை மூன்றாவது எட்டிலேயே சட்டத்தை விட்டு வெளியே போய்விடும். பள்ளி விளையாட்டு விழா மட்டும் விதிவிலக்கு, அங்கே மைதானத்தின் இந்தப் பக்கம் நின்றே ஓட்டப்பந்தயம் எடுக்கலாம்.

மாதத்துக்கு இரண்டு தடவையாவது பறவைக்கென்றே கிளம்புகிறவர், பறவைப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டவர், இவருக்குச் சரி.

150-600, 200-500

சிக்மா கன்டெம்பரரி 150-600 (1.9 கிலோ), டாம்ரான் 150-600 ஜி2 (2 கிலோ), நிக்கான் 200-500 எஃப்/5.6 (2.3 கிலோ). படங்கள் அருமையாக இருக்கும், சந்தேகமே இல்லை. பாம்புத்தாரா கழுத்தில் நீர் வழிவதை இதில்தான் பார்க்க முடியும். ஆனால் தோளில் இரண்டு கிலோ, இடுப்பில் பன்னிரண்டு கிலோ குழந்தை என்று ஏரிக்கரையில் நடந்தவனாகச் சொல்கிறேன்: இரண்டில் ஒன்றை மனைவி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும், அவர் எதை வாங்குவார் என்பது உறுதியில்லை. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் தண்ணீர் மேலே கானல் அலையும், 600-இல் எடுத்ததெல்லாம் நெளிந்துதான் வரும். அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை.

குடும்பமும் பறவையும் ஒரே லென்ஸில் என்று கேட்டவருக்கு இது விடையே அல்ல. பலர் ஆசையில் இங்கே வந்துவிடுகிறார்கள் என்பதால் சேர்த்தேன்.

பிரிட்ஜ் கேமரா

லென்ஸ் வாங்குவதற்குப் பதில் நிக்கான் பி950 போல, லென்ஸ் கழற்ற முடியாத, நீள ஜூம் உள்ள ஒரு கேமராவே வாங்கினால் என்ன? ஒரு கிலோ, 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கு இணையான கணக்கில் 24-லிருந்து 2000 வரை. எட்டாத பறவையே இல்லை, பெயர் கண்டுபிடிக்க அற்புதம். சென்சார் மட்டும் ஏபிஎஸ்-சியில் 13-இல் ஒரு பங்கு பரப்பு, அதனால் வீட்டுக்குள் எடுத்தால் செல்போனிடமே தோற்கும். சோனி ஆர்எக்ஸ்10-இன் நான்காம் பதிப்பு இதைவிடப் பல படி மேல், 24-600, எஃப்/2.4-4, சென்சாரும் பெரிது. ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும் என்பவருக்கு உண்மையான விடை அதுதான். விலை கேட்டால் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

ஒரே பார்வையில்

| | 18-400 | 18-55 + 55-250 / 70-300 | 100-400 | 150-600 |
|---|---|---|---|---|
| மொத்த எடை | 710 கிராம் | 580 முதல் 620 கிராம் | 1.1 கிலோவுக்கு மேல், கிட் லென்ஸ் தனி | 1.9 முதல் 2 கிலோ, கிட் லென்ஸ் தனி |
| எவ்வளவு கிட்டக் குவியும் (டெலி) | 45 செ.மீ. | 85 செ.மீ. / 1.1 மீ. | 1.5 முதல் 1.6 மீ. | 2.2 முதல் 2.8 மீ. |
| 10 மீட்டரில் தேன்சிட்டு | 4 மி.மீ. | 2.5 / 3 மி.மீ. | 4 மி.மீ. | 6 மி.மீ. |
| பில்டர் அளவு (டெலி, மி.மீ.) | 72 | 58 | 67 | 95 |
| காதுகுத்து | பிரமாதம் | சமாளிக்கலாம் | வேண்டாம் | எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் |

விலைச்சீட்டில் இல்லாதவை

லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடியான பில்டரின் அளவைப் பட்டியலில் போட்டதற்குக் காரணம் உண்டு. 58 மி.மீ. பில்டரும் 95 மி.மீ. பில்டரும் ஒரே விலை இல்லை. பெரிய லென்ஸுக்குப் பழைய பை போதாது, பட்டை தோளை அறுக்கும், மோனோபாட் தேடுவீர்கள். இப்படித்தான் ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வரும்.

ஈரக்காற்றுதான் நம் ஊரில் பெரிய எதிரி. என் முதல் 70-300-ஐத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு ஒரு மழைக்காலம் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட தொகை லென்ஸின் பழைய விலையில் பாதி. செய்து கொடுத்த பிறகும் ஓரம் மங்கலாகவே இருந்தது. இப்போது சமையலறையிலிருந்து எடுத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே கடிகாரக்கடையில் கிடைக்கும் ஈரமானி. 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. டப்பா போன கதை வீட்டில் இன்னும் முடியவில்லை.

பொருத்தம் பார்க்காமல் வாங்குவது இன்னொரு நஷ்டம். நிக்கானின் ஏஎஃப்-பி லென்ஸ்கள் (மேலே சொன்ன 70-300 போல) டி90, டி7000, டி5100, டி3100 போன்ற பழைய கேமரா உடல்களில் வேலை செய்யாது. டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் குவிய மோட்டார் கிடையாது, ஆகவே மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். அதே 70-300 ஏஎஃப்-பியில் விஆர் இல்லாத ஒன்றும் உண்டு, பெட்டியின் மேல் அந்த இரண்டெழுத்தைப் பாருங்கள். கேனானில் 75-300 என்று ஒன்று கண்ணில் படும், 55-250-ஐ விட எண் பெரிது என்று மயங்காதீர்கள். அதில் ஆட்டத்தடுப்பு இல்லை, முனையில் கூர்மையும் இல்லை.

எஃப்/6.3 லென்ஸோடு 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் துண்டு) போட்டால் எட்டுமே என்று ஒரு யோசனை வரும். துளை எஃப்/9 ஆகி, சாதாரண டிஎஸ்எல்ஆரில் தானியங்கிக் குவியம் தடுமாறி நின்றுவிடும். விட்டுவிடலாம்.

வாங்கும் முன்னும், கடையிலும்

இப்போது வைத்திருக்கும் படங்களைக் கணினியில் திறந்து, எத்தனை மி.மீ.யில் எடுத்தவை என்று பாருங்கள். தகவல் பகுதியில் இருக்கும். பாதிக்கு மேல் 55-இல் முட்டிக்கொண்டு நின்றால் டெலி தேவை. பாதிக்கு மேல் 18-இலும் 24-இலும் இருந்து, அவை வீட்டுக்குள் ஆடிப்போனவையாகவும் இருந்தால், முதலில் எஃப்/1.8 வாங்க வேண்டியவர் நீங்கள். சித்தப்பா மகனின் கணக்கு இரண்டாவது மாதிரிதான் வந்தது. அவன் 35 எஃப்/1.8-ஐ முதலில் வாங்கினான், 70-300-ஐப் பொங்கலுக்குப் பழையதாக எடுத்தான். முருங்கை மரத்துத் தேன்சிட்டை அனுப்பியிருந்தான், கொஞ்சம் இருட்டு, ஆனால் அலகில் ஒட்டியிருந்த மகரந்தம் தெரிகிறது.

பழையது எடுக்க அவனோடு நானும் போனேன். கையில் சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். பின்பக்கம் அடித்து முன்பக்கம் வழியே பாருங்கள், பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். தூசி இரண்டு மூன்று புள்ளி இருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், சூப்பர்ஜூம் என்றால் தானாக நீண்டு இறங்குகிறதா என்று தெரியும். உங்கள் கேமராவிலேயே மாட்டி, கடைக்கு வெளியே போய், எதிர்க்கடைப் பலகையின் எழுத்தை முழு ஜூமில் பத்துப் படம் எடுங்கள், ஆட்டத்தடுப்பைப் போட்டு ஐந்து, நிறுத்தி ஐந்து. திரையில் பெரிதாக்கி, நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.